சிரமப்படாதீங்க பாய்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி இருக்கும். தோட்டத்து மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து காபி டம்ளரைக் கையில் எடுத்தேன், போன் அடித்தது. திரையில் 'கமால் பாய் வயரிங்' என்று பெயர் வந்தது. ஏழு மாதமாக அந்தப் பெயர் தானாக வந்ததில்லை. நான் கூப்பிட்டால் எடுப்பார், "இன்னொரு நாளைக்குப் பாக்கலாமுங்க சார்" என்று ஒரே வரியில் வைத்துவிடுவார். இன்று அவராகவே கூப்பிடுகிறார் என்ற சந்தோஷத்தில் எதிர்முனையில் யார் என்றுகூட நான் கேட்கவில்லை.

"ஏனுங்க பாய், இப்பத்தான் எங்க ஞாபகம் வந்துதுங்களா? இன்னைக்கே வாரீங்களா? வண்டி நீங்க உட்டுட்டுப் போன மாதிரியே நிக்குதுங்க," என்றேன்.

பதிலுக்கு அவருடைய மகள் சபீனாவின் குரல் கேட்டது.

"சார், நான் சபீனாங்க. அத்தா மவுத்தாயிட்டாருங்க. விடியால தொழுகைக்குன்னு எந்திரிச்சாரு. கை கால் கழுவி ஒளூ செய்ய உக்காந்தவரு அப்படியே சாஞ்சுட்டாருங்க. மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பொறவு எடுக்கறோமுங்க."

"சரிம்மா," என்றேன். முப்பத்திரண்டு வருடம் பாலிடெக்னிக்கில் மின்சாரப் பாடம் நடத்திய வாய்க்கு அதற்கு மேல் ஒரு சொல் அகப்படவில்லை. காபி ஆறிப்போய், என் மனைவி சரோஜா வந்து டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

கமாலுதீன் என்கிற கமால் பாயைக் கோவை உக்கடம் பக்கம் கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் கார்களுக்கு வயரிங் வேலை பார்த்தவர். ஒல்லியான உடம்பு, வெள்ளை அரைக்கைச் சட்டை, தோளில் ஒரு ரெக்சின் பை. வயது அறுபத்தாறு, என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் ஆறு வருடப் பழக்கத்தில் ஒருநாளாவது என்னை 'சாருங்க' போடாமல் அழைத்ததில்லை. நானும் அவரை 'நீங்க' என்பதற்குக் கீழே இறக்கியதில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு மரியாதை கொஞ்சம் அதிகம் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். கேலி செய்யட்டும். அந்த மரியாதை என்னவெல்லாம் செய்யும் என்பதை எழுதத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களைச் சேர்த்துவைத்தது ஒரு கார். இரண்டே சீட்டு, திறந்த கூரை, சீமையில் செய்த பந்தயக் கார் வகை. என் பெரியப்பா ஒரு மில் மேனேஜரிடமிருந்து ஆசைப்பட்டு வாங்கியது. பெரியப்பா காலமான பிறகு பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் இருபது வருடத்துக்கு மேல் அசையாமல் நின்றது. நான் ஓய்வு பெற்ற பிறகு, அதை ஓடவைத்தே தீர்வது என்று கிளம்பினேன். ஓய்வு பெற்றவன் வீட்டில் சும்மா இருந்தால் மனைவிக்குத்தான் கஷ்டம் என்பது சரோஜாவின் கருத்து, அதனால் அவளும் தடுக்கவில்லை.

பாய் முதன்முதலாக வந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. இருவரும் சேர்ந்து துருப்பிடித்த பானெட்டைத் தூக்கினோம். உள்ளே எஞ்சினுக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவில் எங்கள் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. நான் கையை ஓங்கினேன். பாய் என் கையைத் தடுத்துவிட்டுக் குனிந்து கோழியைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, சித்த எந்திரிக்கறீங்களா? இது எஞ்சினோட ஊடுங்க," என்றார்.

கோழி எழுந்திருக்கவில்லை. குஞ்சு பொரிக்க இன்னும் எட்டு நாள் இருந்தது. "பொரிச்சு எறங்கட்டுமுங்க. அடுத்த மாசம் வாரேனுங்க," என்று பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். உக்கடத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த மனிதர், ஒரு கோழிக்காகத் திரும்பிப் போனார். சரோஜா ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

'எஞ்சினோட ஊடு', அதாவது எஞ்சினின் வீடு, என்று அவர் அன்று சொன்னது எங்களுக்கு நிலைத்துவிட்டது. பானெட்டைத் திறந்தால் எஞ்சின் உட்கார்ந்திருக்கும் அந்தக் குழிக்கு அதன்பிறகு எங்கள் தோட்டத்தில் 'ஊடு' என்றுதான் பெயர். வயரிங்காரர் வயரை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. "ஊடு குப்பையா இருந்தா புது வயரும் ஒரு வருசத்துல குப்பைங்க. மொதல்ல ஊட்டைச் சுத்தம் பண்ணிப்போடுவோம். பொறவு குடி வெக்கலாமுங்க," என்றார்.

அந்தச் சுத்தம் செய்யும் வேலை இரண்டு வருடம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவார். உத்திரத்தில் சங்கிலி கட்டி எஞ்சினை வெளியே தூக்கிவைத்தோம். குழிக்குள் இருந்த மண்ணும் பழைய ஆயிலும் சேர்ந்து, கரண்டியால் சுரண்ட வேண்டிய அளவுக்கு அடை தட்டியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்தோம், கம்பி பிரஷ்ஷால் தேய்த்தோம், உப்புத்தாளால் தேய்த்தோம். பேட்டரி வைக்கும் தட்டு ஆசிடில் அரித்துச் சல்லடையாகியிருந்தது. அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தோம். அந்தத் தட்டுக்கு அடியில்தான், வெயிலே படாமல் ஒரு கை அகலத்துக்கு அசல் நிறம் மிச்சம் இருந்தது. வெளிறிய பச்சை, கொய்யா இலையைத் திருப்பிப் பார்த்தால் தெரியுமே, அந்தப் பச்சை.

ஒருநாள் ஒரு போல்ட் கழலவே மாட்டேன் என்றது. நான் சுத்தியலை எடுத்தேன்.

"அடிக்காதீங்க சார். கேட்டுப் பாருங்க," என்றார் பாய்.

"போல்ட்டுகிட்டயா பாய்?"

"அதுகிட்டத்தானுங்க. என்ன கஷ்டமோ என்னமோ. ஆயில் உட்டு ஒரு வாரம் உடுங்க. சொல்லுமுங்க."

அடுத்த ஞாயிறு அந்த போல்ட் இரண்டு விரலுக்கு இளகிக் கழன்று வந்தது. "கேட்டா சொல்லுமுங்க" என்று அவர் சொன்ன முகம் எனக்கு இப்போதும் தெரிகிறது. போல்ட்டிடம்கூடக் கேட்கச் சொன்ன மனிதரிடம் நான் கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்கவில்லை. அதற்கு வருகிறேன்.

வேலை நான்காவது வருடத்துக்குப் போனபோது அவருக்குச் சர்க்கரை நோய் கண்ணைத் தொட்டது. ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். எழுத்து ஓரளவு தெரியும், ஆள் தெரியும், நிறம் மட்டும் பிரியாது. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, சிகிச்சையெல்லாம் பிற்பாடு சபீனா சொல்லித்தான் தெரியும். நிறம் பிரியாதது எனக்கு அன்றே எப்படித் தெரிந்தது என்றால், கணபதியிலிருந்து பெயிண்டர் வந்து ஊட்டுக்கு அந்தப் பச்சையை அடித்துவிட்டுப் போன மறுநாள், பாய் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "நீலம் அருமையா எடுத்திருக்குதுங்க சார்," என்றார்.

டீ கொண்டுவந்த சரோஜா அப்படியே நின்றாள். நான் அவளைக் கண்ணால் அடக்கிவிட்டு, "ஆமாங்க பாய். நீலம் நல்லா வந்திருக்குதுங்க," என்றேன்.

பெரிய மனுஷத்தனமாக நடந்துகொண்டதாக அன்று எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. 'பாய், அது பச்சைங்க, உங்க கண்ணுக்கு என்னாச்சுங்க' என்று கேட்டிருந்தால் அவர் கோபித்திருக்கப்போவதில்லை. எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. ஒரு மனிதரின் குறையை அவர் முகத்துக்கு நேரே எடுத்துப் பேசுவதா என்று இருந்துவிட்டேன்.

பிறகு எஞ்சின் தன் ஊட்டுக்குத் திரும்பியது. போல்ட்டுகளெல்லாம் முலாம் பூசிப் பளபளத்தன. வயரிங் வேலை தொடங்கியது. இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும், வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். காரின் முன்பலகைக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு தகட்டுச் சுவர் உண்டு. அதிலுள்ள ஓட்டை வழியாக நான்கு வயர்கள் எஞ்சின் பக்கம் வரும். ஒன்று எஞ்சினில் தீப்பொறி உண்டாக்கும் காயிலுக்கு. மற்றவை ஸ்டார்ட்டருக்கும் டைனமோவுக்கும் ஹாரனுக்கும். முன்பலகைப் பக்கத்தில் வயர்கள் கெட்டியாக இருந்ததால் அவற்றை மாற்றாமல் விட்டோம். இந்த நான்கை அதனதன் இடத்தில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

எந்த வயர் எங்கே போக வேண்டும் என்பதற்கு வண்டிக் கம்பெனியின் புத்தகத்தில் நிறக்கணக்கு இருக்கிறது. அதன் நகல் என்னிடம் உண்டு. அதன்படி காயிலுக்கு வெள்ளை வயர். பாய் மாட்டிவிட்டுப் போன பிறகு நான் குனிந்து பார்த்தேன். காயிலில் பச்சை வயரை மாட்டியிருந்தார். வெள்ளை டைனமோவில் இருந்தது.

எனக்கு மனம் வலித்தது, பொய் சொல்லவில்லை. பாவம், கண் தெரியாமல் மாற்றி மாட்டிவிட்டார் என்று நினைத்தேன். அவரிடம் சொன்னால் நொந்துபோவார். ஸ்பேனரை எடுத்து நானே இரண்டையும் இடம் மாற்றிவைத்தேன். வயர்களின் முனைக்கருகே கறுப்பு நூலில் சிறுசிறு முடிச்சுகள் இருந்தன. உறைத்துணி பிரியாமல் இருக்கக் கட்டியிருக்கிறார் என்று அவற்றைப் பொருட்படுத்தவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வந்தார். விளக்கு வயர்களை இழுக்கும்போது அவருடைய கை தற்செயலாக அந்த இடத்துக்குப் போனது. விரலால் தடவிப் பார்த்தார். நின்றார். மறுபடி தடவினார். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் கழற்றிப் பழையபடி மாட்டினார். அவர் பஸ் ஏறியதும் நான் போய் மறுபடி புத்தகப்படி மாற்றினேன்.

இதைப் படிக்கிறவர்களுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றலாம். எனக்கும் தோன்றுகிறது. பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆறு வருடம் வேலை செய்த இரண்டு கிழவர்கள், ஒருவர் மாட்டுவதை இன்னொருவர் ஒளிந்து கழற்றிக்கொண்டிருந்தோம். இருவரும் மரியாதைக்காரர்கள்.

ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் பத்துப் பேர் கூடினார்கள். சரோஜா எலுமிச்சம்பழமும் தேங்காயும் வைத்திருந்தாள். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சபீனா, அத்தாவின் வேலையைப் பார்க்க வேண்டுமென்று ஸ்கூட்டரில் வந்திருந்தாள். பாய் புதுச் சட்டை போட்டிருந்தார். நான் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். சுற்றியது, பிடிக்கவில்லை. கூட்டத்தில் யாரோ, "தள்ளிப் பாக்கலாமுங்களா?" என்றார்கள்.

பாய் குனிந்து ஊட்டுக்குள் கையை விட்டார். காயிலிலிருந்த வயரைத் தொட்டார். அவருடைய விரல்கள் அதன்மேல் ஊர்ந்து நின்றன. முகம் வெளுத்துப்போனது. கழற்றுவதற்காக ஸ்பேனரை எடுத்தார். இத்தனை பேர் முன்னால் இந்த மனிதர் தவறாக மாட்டி அவமானப்பட வேண்டாமே என்று எனக்குப் பட்டது. அவருடைய மணிக்கட்டை மெதுவாகப் பிடித்தேன்.

"உடுங்க பாய். சிரமப்படாதீங்க. நான் பாத்துக்கறேனுங்க," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். ஸ்பேனரைத் துணியில் துடைத்துப் பையில் வைத்தார்.

"என்ற கை மறந்துபோச்சுங்க சார்," என்றார். "நீங்க வேற ஆள் பாத்துக்கங்க."

எத்தனையோ முறை சமாதானம் சொன்னேன். கேட்கவில்லை. எப்போதும் வாசலில் நின்று "வாரேனுங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போகிறவர், அன்று ஒன்றும் சொல்லாமல் மகளின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டார். தேங்காயைச் சரோஜா உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வேறு ஆளைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. அவர் கட்டிய ஊட்டில் இன்னொருவர் கை வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாக இருக்காது என்று வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினேன். பாருங்கள், அங்கேயும் மரியாதை. எந்த வயரிங்காரர் வந்திருந்தாலும் பத்து நிமிடத்தில் விஷயத்தைப் பிடித்திருப்பார்.

மூன்று மாதம் கழித்து உக்கடத்தில் அவருடைய வீட்டுக்குப் போனேன். கடையை மூடிவிட்டார் என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். ஒரு பல்கூட நசுங்காமல், தோலைப் பார்க்காமலேயே உரித்துக்கொண்டிருந்தார். ஊர்க்கதையெல்லாம் பேசினோம். அவருடைய மனைவி டீயும் வருக்கியும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனதும், அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"சார், நெசத்தைச் சொல்லுங்க. நான் வருத்தப்பட மாட்டேனுங்க. நான் குடுத்த கனெக்சன் தப்புங்களா?"

இதைவிட நேராக ஒரு மனிதர் கேட்க முடியாது. அவர் தப்பாகத்தான் மாட்டினார் என்று அந்த நாளில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். 'ஆமாங்க பாய், நீங்க காயிலுக்குப் பச்சையை மாட்டீட்டீங்க, நான்தான் ரெண்டு தடவை மாத்தி வெச்சேன்' என்று சொல்லியிருந்தால் போதும். அவர் நாற்காலியை விட்டு எழுந்து, 'அட, நீங்களா மாத்துனீங்க?' என்று கேட்டிருப்பார். மிச்சம் அரை நிமிடத்தில் வெளிவந்திருக்கும்.

நான் சொன்னது இதுதான்: "அதெல்லாம் ஒன்னுமில்லீங்க பாய். வண்டி பழசுங்க. நீங்க எதையும் மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் தலையை ஆட்டினார். பூண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அவரை உயிரோடு பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது சந்து முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். மெக்கானிக்குகள், டிரைவர்கள், டிங்கர் வேலைக்காரர்கள் என்று ஏகப்பட்ட பேர். வெள்ளைத் துணிக்கு மேல் அவருடைய முகம் மட்டும் தெரிந்தது, யாருக்கோ மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருப்பதுபோல. பள்ளிவாசலில் தொழுகை முடியும்வரை வெளியே நின்றேன். கபருக்கு மண் போடும்போது பக்கத்திலிருந்த பெரியவரிடம், "நானும் போடலாமுங்களா?" என்று கேட்டேன். "இதுக்குக் கேக்கோணுமுங்களா, போடுங்க," என்றார். மூன்று பிடி போட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை மறுபடி போனேன். துக்க வீட்டில் வெறுமனே உட்கார்ந்திருக்கத்தான் போனேன். சபீனா அந்த ரெக்சின் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "உங்க வண்டி சாமான் ஏதாச்சும் இதுல இருக்கான்னு பாருங்க சார்," என்றாள். கட்டிங் பிளேயர், டேப், இரண்டு வயர் நீட்டிய சோதனை பல்பு, கறுப்பு நூல்கண்டு. ஏதாவது பேச வேண்டுமே என்று நூல்கண்டை எடுத்து, "உறை பிரியாமக் கட்டறதுக்கு வெச்சிருப்பாரு," என்றேன்.

"இல்லீங்க சார். அது அத்தாவோட கணக்குங்க," என்றாள் சபீனா. "கலரு எப்பவுமே அவரு நம்ப மாட்டாருங்க. பழைய வண்டில முன்னாடி வேலை பாத்தவங்க கைக்குக் கெடைச்ச வயரைப் போட்டு உட்டுருப்பாங்கன்னு சொல்லுவாரு. கண்ணு போன பொறவு சுத்தமா நம்பறதில்லை. பல்பு வெச்சுப் பாத்து, எது எதுக்குப் போகுதோ அதுக்குத் தக்கன முடிச்சுப் போட்டுருவாருங்க. காயிலுக்கு ஒன்னு, ஸ்டார்ட்டருக்கு ரெண்டு, டைனமோவுக்கு மூணு, ஹாரனுக்கு நாலு. சின்னதுல எனக்கு எண்ணிப் பழக்கினதே அப்படித்தானுங்க."

என் கையில் நூல்கண்டு இருந்தது. அவள் நிறுத்தவில்லை.

"உங்க தோட்டத்துக்கு வந்துட்டுப் போன பொறவுதானுங்க ரொம்ப ஒடைஞ்சுபோனாரு. 'முடிச்சு சரியாத்தான் இருக்குது கண்ணு, ஆனா மாத்தி மாத்தி மாட்டிப்போடறேன், எப்ப மாட்டறேன்னே தெரிய மாட்டீங்குது, புத்தி பெசகுதாட்ட இருக்குது'ன்னாரு. அடுத்தவங்க வண்டியைக் கெடுத்துப்போடுவேன்னு பயந்துதான் கடையைச் சாத்துனாருங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளறையில் அவருடைய மனைவி இருந்தார். வாசலில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன். பையை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னாள், வாங்கிக்கொண்டேன்.

நேற்றுச் சனிக்கிழமை காலை தார்ப்பாயை எடுத்தேன். பேட்டரியைச் சார்ஜ் செய்து மாட்டினேன், புதுப் பெட்ரோல் ஊற்றினேன். சாவியைப் போட்டுவிட்டு அவருடைய பல்பைக் காயிலில் நான் மாட்டிய வெள்ளை வயரில் வைத்தேன். எரியவில்லை. டைனமோவில் நான் மாட்டிய பச்சை வயரில் வைத்தேன். எரிந்தது. அதைக் கையில் எடுத்துத் தடவினேன். ஒரே ஒரு முடிச்சு. வெள்ளையில் மூன்று.

'சோதிக்காமல் நம்பாதே' என்று வருடத்தின் முதல் வகுப்பில் போர்டில் எழுதிப் போட்டவன் நான். மாணவர்களை எழுந்து நின்று திருப்பிச் சொல்லவும் வைத்திருக்கிறேன். கண் தெரியாத மனிதர் ஒவ்வொரு வயரையும் சோதித்து முடிச்சுப் போட்டார். கண் தெரிந்த வாத்தியார் நான், புத்தகத்தைப் பார்த்து மாற்றிப் போட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். கெட்டது அவருடைய கண் இல்லை.

இரண்டு வயரையும் பாய் மாட்டியிருந்த இடத்தில் மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். மூன்று சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. சமையலறையிலிருந்து சரோஜா ஓடி வந்தாள். "ஓடுதுங்க! ஏனுங்க, ஓடுதுங்க!" என்று கத்தியவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். இருபது வருடத்துக்கு மேல் ஓடாத வண்டி நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு அதை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

பிறகு 'கமால் பாய் வயரிங்' என்ற எண்ணுக்குப் போன் போட்டேன். சபீனாதான் எடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை வயரை, புத்தகத்தை, இரண்டு தடவை நான் மாற்றியதை, அவர் கேட்டபோது பொய் சொன்னதை. உங்கள் அத்தாவின் கையும் பிசகவில்லை, புத்தியும் பிசகவில்லை, நான்தான் அம்மா என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவள் மெதுவாக, மிக மரியாதையாகச் சொன்னாள்.

"உடுங்க சார். சிரமப்படாதீங்க."

வைத்துவிட்டாள். அவளும் இந்த ஊர்ப் பிள்ளைதானே.

என்னால் இனிச் செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை. இந்தக் கட்டுரையை எழுதலாம், எழுதிவிட்டேன். அந்த நான்கு வயரின் கறுப்பு நூல் முடிச்சுகளை அவிழ்க்காமல் விட்டிருக்கிறேன். பளபளக்கும் அந்தப் பச்சை ஊட்டுக்குள் அவை அழுக்குப்போலத் தெரிகின்றன. பார்க்கிறவர்கள் கேட்கட்டும். கேட்டால் சொல்லுவேன்.

கமால் பாய், ஊடு பச்சைங்க, நீலமில்லீங்க. உங்க கை மறக்கலீங்க. மாத்துனது நானுங்க.